நின்ற ரயிலில் இரண்டாம் பாகம்

தொண்ணூறுகளில் ஒரு மழைநாள். தண்டவாளத்தில் வெள்ளம் ஏறியதால், தாம்பரத்துக்கு முன்பே எங்கள் மின்சார ரயில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் இறங்கவும் வழியில்லை, நகரவும் இடமில்லை. பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு அம்மாள். வாடை தாங்காமல், எனக்குப் பிரியமான பழைய நாவலின் இரண்டாம் பாகத்தில் முகம் புதைத்தேன். கதாநாயகனான தபால்காரன் வாத்துகளுக்குப் பயந்து மரமேறும் இடத்தில் சிரித்துவிட்டேன்.

“இன்னாம்மா, தனியா சிரிச்சிகினு கீற?”

“உங்களுக்குப் புரியாது” என்றேன்.

அவர் அட்டைப்படத்திலிருந்த தபால்காரனைப் பார்த்தார். “இவன் கதயில மொத பாகத்த என் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. கடைசில ஊர வுட்டே பூட்டானே, இப்ப நல்லா கீறானா?”

கூசிப்போனேன். இரண்டாம் பாகத்தை முதல் பக்கத்திலிருந்து அவருக்கு உரக்கப் படித்தேன். அவன் ஊர் திரும்பியபோது அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் பலமுறை படித்த கதைதான். ஆனால் அவனை ஒருநாளும் அப்படி நலம் விசாரித்ததில்லை.