நீச்சல் தெரியும் சார்

தனியார் மோட்டார் படகில் வேலை என்பது முதலாளி வீட்டுக்குள்ளேயே குடியிருந்து பார்க்கிற வேலை. தப்புப் பண்ணிவிட்டால் கொஞ்ச நேரம் போய் முகத்தை மறைத்து உட்கார அங்கே ஒரு டீக்கடைகூடக் கிடையாது. பிறர் வீட்டில், பிறர் காரில் சம்பளத்துக்கு இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கோவில்பட்டியில் பதினாறு வருஷம் டிராக்டர் எஞ்சினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவன் நான். நாற்பத்தோரு வயதில் ராமநாதன் சாரின் படகில் எஞ்சின் ஆளாகச் சேர்ந்தேன். நாற்பத்தைந்து அடி நீளம், இரண்டு டீசல் எஞ்சின், இரண்டு படுக்கை அறை, ஒரு சமையல் மேடை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சாரும் அவர் மனைவி கமலாம்மாவும் வருஷத்தில் எட்டு மாதம் அதிலேயே குடியிருந்து, தூத்துக்குடியிலிருந்து கோவா வரைக்கும் கரையோரமாகவே போய்த் திரும்புவார்கள். படகை ஓட்டுகிறவர் சேவியர் அண்ணாச்சி, கடற்கரை ஊர்க்காரர். நாங்கள் நாலே பேர். அங்கே நான் பட்ட வெட்கங்களை எழுதுகிறேன். பெருமைப்பட ஏதாவது இருந்திருந்தால் அதைத்தானே முதலில் எழுதியிருப்பேன்.

மூன்று கேள்வி

படகு எஞ்சினின் ஒரு இரும்புத் தண்டை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்க சேவியர் அண்ணாச்சி கோவில்பட்டிக்கு வந்திருந்தார். என் பட்டறை லேத்துக்குப் பக்கத்தில்தான். நான் வேலை பார்ப்பதை அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "எங்க மொதலாளி ஒரு எஞ்சின் ஆளு தேடுதாரு, வாரியா?" என்றார். மறுநாளே தூத்துக்குடிக்குப் போனேன்.

சார் கேட்டது மூன்றே கேள்வி. டீசல் எஞ்சின் தெரியுமா? தெரியும் சார். கடல் பழக்கம் உண்டா? உண்டு சார். நீச்சல் தெரியுமா? நல்லாத் தெரியும் சார். கடல் பழக்கம் என்றால், திருச்செந்தூரில் முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். நீச்சலுக்கு எங்கே போக? எங்கள் ஊர்க் கிணற்றில் வருஷத்துக்கு இரண்டு மாதம் தண்ணீர் கிடக்கும், அதுவும் இடுப்பளவு. உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த கமலாம்மா கடைசிப் பதிலை மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்பாடா, எனக்கு நீச்சல் தெரியாது. தெரிஞ்ச ஆள் இன்னொருத்தர் கூட இருந்தா எனக்குப் பயமில்லை."

குளியல்

கன்னியாகுமரியைச் சுற்றும்போது அலை படகை இரண்டு பக்கமும் போட்டுப் புரட்டியது. நான் காற்றடிக்கிற பக்கம் போய் நின்று வாந்தி எடுத்தேன். எடுத்ததெல்லாம் திரும்பி என் மேலேயே வந்தது. பாதி, கமலாம்மா காயப்போட்டிருந்த புடவையில். கூனிக்குறுகி, படகின் பின்பக்கம் இருந்த குழாயைத் திறந்து புடவையை அலசினேன், என்னையும் அலசினேன். நாற்றம் போகவே இல்லை என்று ஒரு எண்ணம். மறுபடியும் குளித்தேன். சாயங்காலம் இன்னொரு தடவை.

நாலு பேருக்கு அஞ்சு நாளைக்கு வைத்திருந்த நல்ல தண்ணீர் மறுநாள் காலையிலேயே தீர்ந்துபோயிற்று. சோறு பொங்கத் தண்ணீர் இல்லாமல், அடுத்த துறைமுகம் வருகிற வரைக்கும் சாரும் அம்மாவும் பிஸ்கட் தின்றார்கள். சேவியர் அண்ணாச்சி காலித் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலே, கரிசக்காட்டுக்காரனுக்குத் தண்ணியோட அருமை தெரியும்னுல்லா ஒன்ன கூட்டியாந்தேன்."

வடிகட்டி

டிராக்டருக்கு ரேடியேட்டர் உண்டு. படகு எஞ்சினுக்குக் கடல்தான் ரேடியேட்டர். படகின் அடியில் உள்ள ஓட்டை வழியாகக் கடல்தண்ணீர் ஏறி, ஒரு வடிகட்டியைத் தாண்டி எஞ்சினைச் சுற்றிவிட்டு வெளியே போகும். விழிஞ்ஞம் தாண்டி ஒரு எஞ்சின் கொதித்தது. அடைப்பு வடிகட்டியில்தான் என்று நானே கண்டுபிடித்தேன். அந்தப் பெருமிதத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு வடிகட்டியின் மூடியைத் திருகிக் கழற்றினேன். அதற்கு முன்னால் அடியில் இருக்கிற வால்வை அடைக்க வேண்டும். அடைக்கவில்லை.

கடல் ஒரு தென்னைமர மொத்தத்துக்கு என் முகத்தில் அடித்தது என்று அன்றைக்கு ஊருக்குப் போனில் சொன்னேன். உண்மையில் கை மொத்தம்தான் இருக்கும். ஆனால் படகுக்குள் வந்தது கடல் அல்லவா? மூடியைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் ஏறி மேல்தளத்துக்கு ஓடினேன். ஓடின வேகத்தில் சேவியர் அண்ணாச்சியைத் தாண்டி, முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ராமநாதன் சார், அந்தக் காலோடு எஞ்சின் அறைக்குள் தவழ்ந்து போய் வால்வை அடைத்தார். வெளியே வரும்போது மார்புவரை நனைந்திருந்தார், நெற்றியில் கிரீஸ். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "தண்ணி உள்ள வந்துச்சுன்னு ஓடிட்டியே மாரிச்சாமி, எங்கப்பா ஓடுறதா இருந்தே?"

கொல்லத்தில்

இது சிரிக்க முடியாதது. கொல்லத்தில் நங்கூரம் போட்டிருந்தோம். காய்கறி வாங்கக் கரைக்குப் போகச் சின்ன ரப்பர் படகைப் பக்கத்தில் கட்டி, கயிற்றை நான் பிடித்திருந்தேன். கமலாம்மா ஒரு காலை ரப்பர் படகில் வைத்தார். அப்போது ஒரு மீன்பிடிப் படகு வேகமாகக் கடந்தது. அதன் அலையில் ரப்பர் படகு விலக, அம்மா இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டார்.

அவர் ஒரு தரம் மேலே வந்து என்னைத்தான் பார்த்தார். என் பேரைச் சொல்லக்கூட இல்லை. நான் குதிப்பேன் என்று நிச்சயமாக இருந்தார். நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முழங்கையை உரசிக்கொண்டு மிதவை வளையம் தொங்கியது. அதை எடுத்து வீசக்கூட எனக்குத் தோன்றவில்லை. "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்தினேன், அவ்வளவுதான். மேல்தளத்திலிருந்து சேவியர் அண்ணாச்சி லுங்கியோடு குதித்து, அம்மாவின் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார்.

துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் காலடியில் போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். எனக்கு நீச்சல் தெரியாது, கடல் பழக்கம் இல்லை, வேலை கிடைக்க வேண்டுமே என்று சொன்ன பொய். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கமலாம்மா நடுக்கம் நின்ற பிறகு மெதுவாகச் சொன்னார்: "தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நான் அந்த மிதவைச் சட்டையைப் போட்டுக்கிட்டு இறங்கியிருப்பேனேப்பா."

பள்ளிக்கூடம்

பையைக் கட்டி வைத்தேன். சார் வந்து பையைப் பார்த்தார். "மூணு கேள்வி கேட்டேன், அதுல எஞ்சின் தெரியும்னு சொன்னது மட்டும் முக்கால்வாசி நெசம். மத்த ரெண்டையும் கத்துக்கோ" என்றார்.

கொச்சியில் ஒரு மாதம் நின்றோம். உப்பங்கழியில் கழுத்தளவு தண்ணீரில் சேவியர் அண்ணாச்சிதான் வாத்தியார். மாணவர்கள் கமலாம்மாவும் நானும். அறுபத்து மூன்று வயதில் அம்மா பதினோராம் நாள் மிதந்து, பதினைந்தாம் நாள் கை வீசிப் போனார். நான் மாதக் கடைசியில்தான் பத்துக் கை அடித்தேன், அதுவும் வட்டமாக. அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்: "அம்மா கை அடிச்சா அவிய போறாவ. நீ கை அடிச்சா தண்ணிதாம்ல போவுது, நீ அங்கனயேதான் கெடக்கே."

பேனர்

மழைக்காலத்துக்குப் படகைத் தூத்துக்குடியில் கட்டியபோது, விளாத்திகுளம் பக்கம் என் மச்சான் பெருமாளின் பிள்ளைக்குக் காதுகுத்து. பெருமாள் என் மனைவியின் அண்ணன். ஆடு மேய்க்கிறவர், கொஞ்சம் மிளகாய் போடுகிறவர். என் மனைவி போன் பண்ணி சாரையும் அம்மாவையும் அழைத்துவிட்டாள். சேவியர் அண்ணாச்சி காரை ஓட்ட, வழியில் அவளையும் ஏற்றிக்கொண்டு ஐந்து பேரும் போனோம்.

கோயில் முகப்பில் பத்தடி உயரத்துக்கு நான் நின்றேன். படகின் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, சாரின் வெள்ளைத் தொப்பியைப் போட்டு நான் ஒருநாள் எடுத்து அனுப்பின போட்டோ. கீழே கொட்டை எழுத்தில், 'கப்பல் கேப்டன் மாரிச்சாமி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்'. கார் அதன் அடியில்தான் நின்றது. சார் இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். எனக்கு அந்தக் கரிசல் வெடிப்புக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. அதற்குள் மச்சான் மாலையோடு வந்து சாரிடம், "அய்யா, நீங்க கேப்டன்கிட்ட என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மாலைக்குத் தலையைக் குனிந்துகொண்டே, "கணக்கா ஒரு வேலைன்னு இல்ல. கேப்டனுக்குக் காபி கொடுப்போம், நானும் இவளும்" என்றார். கமலாம்மா, ஆமாம் என்று தலையாட்டினார்.

சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்தேன். மச்சானைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன்: நான் கேப்டன் இல்லை, எஞ்சினில் எண்ணெய் துடைக்கிறவன், கக்கூஸ் பம்பைக் கழுவுகிறதும் நான்தான், அந்த அய்யாதான் முதலாளி, தொப்பியும் அவருடையது, அந்த அம்மா சாகக் கிடந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அவர் கோபப்படவில்லை. தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, பேனரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம சொந்தத்துல வெளிய சொல்லிக்கிட ஒரே ஒரு ஆளு இருக்குன்னு இருந்தேன், மாப்ளே. அதையும் சோத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா, பேனர எறக்கிருப்பேன்லா."

தெரியாததைத் தெரியாது என்று கரையில் வைத்தே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இந்த நாலு வருஷப் படகு வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றது, ஏனென்றால் கடலில் வைத்துச் சொன்னால் கேட்கிறவர்கள் பாவம், இறங்கிப் போகவும் முடியாது.