எட்டாம் மாதத்துச் சோறு

எழுதிப் பழக்கமில்லாத கை இது. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்; நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே எழும்பி உள்ளே போய்விடுவேன். என் வீட்டுக் கதையை மற்றவர்கள் படிக்கவென்று எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை கிளிநொச்சியில் தங்கச்சியின் குசினியில் நின்று, குழையக் குழைய அவித்த சோற்றையும் பாசிப்பயறையும் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்தேன். வெதுவெதுப்பான ஆவி முகத்தில் பட்டதும் கை நின்றுவிட்டது. கலியாணமாகிக் கனகாலம் காத்திருந்து பெற்ற தன் மகளுக்கு முதன்முதலாகச் சோறு கொடுக்கத் தங்கச்சி ஆயத்தமாக இருந்தாள். தங்கச்சி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வாய்க்குள் போன முதற்சோற்றின் வாசமும் இதேதான். அதைக் கொடுத்தவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரத்தில் வயற்காணி கிடைத்துக் குடியேறியவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ராசாத்தி அக்கா வீடு. இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, புருஷனும் அவருமாக வயல்களில் கூலிவேலை செய்தார்கள். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு 'பொட்டு' இருந்தது. அதனூடாகக் கறிவேப்பிலையும் நெருப்புத் தணலும் போய் வந்தன. ஆனால் அவர்கள் வீட்டுச் சட்டியில் வெந்ததை எங்கள் வீட்டில் யாரும் தின்றதில்லை. ஏனென்று யாரும் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

பிள்ளைக்கு முதல் உணவு கொடுப்பதை எங்கள் பக்கத்தில் 'சோறு தீத்துறது' என்பார்கள். ஆண் பிள்ளை என்றால் இரட்டை மாதம், பெண் பிள்ளை என்றால் ஒற்றை மாதம். கோயிலில் பச்சரிசிப் புக்கை பொங்கி, பிள்ளையைத் தகப்பன் மடியில் இருத்தி, முதல் வாயை அங்கே தீத்திய பிறகுதான் வீட்டில் எதுவும் கொடுக்கலாம். தங்கச்சிக்கு ஏழாம் மாதத்தில் நாள் பார்த்து வைத்திருந்த வேளையில், அப்பாவின் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் காலமானார். எங்களுக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, வந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க முடியாது. அது முடிவதற்குள் ஏழாம் மாதம் கழிந்துவிடும். எட்டு இரட்டை. இனி ஒன்பதில்தான் என்று மாமி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

மாமி, அப்பாவின் மூத்த சகோதரி, வாய்க்காலுக்கு அப்பால் குடியிருந்தார். அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய முதற்பிள்ளை தக்கவில்லை. மாதம் பாராமல் அவசரப்பட்டுச் சோறு தீத்தியதால்தான் அப்படி நடந்தது என்று அவர் நம்பினார். "நான் செய்த பிழையை நீ செய்யாதை, மச்சாள்" என்று அவர் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னால் அம்மா என்னதான் செய்வார்?

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து, பாலும் வற்றிப்போயிற்று. பசுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் தங்கச்சிக்கு வயிற்றாலே போனது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகி, அழுவதற்குக்கூடச் சத்தமில்லாமல் கிடந்தாள். பிள்ளைகளைப் பார்க்க வீடு வீடாக வரும் மருத்துவமாது வந்து, மாமரக் கொப்பில் தராசைத் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவைத்தான் ஏசினார். "சோத்தைக் கரைச்சுக் குடுங்கோ எண்டு போன முறையே சொன்னனான். உங்கட மாதக் கணக்குப் பிள்ளையின்ர வயித்துக்குத் தெரியுமே? இன்னும் இப்பிடியே விட்டால் இவளை நீங்கள் பாக்கமாட்டியள்."

அம்மா தலையைக் குனிந்தபடி நின்றார். கொடுத்தால் பிள்ளை போய்விடும் என்கிறார் மச்சாள். கொடுக்காவிட்டால் போய்விடும் என்கிறார் மருத்துவமாது. அப்பாவைக் கேட்டால், "அக்காவையும் ஒருக்காக் கேள்" என்பதோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

எட்டாம் மாதம் பிறந்தது, துடக்கு இன்னும் கழியவில்லை. ஒருநாள் பின்னேரம் குசினி வாசலில் இருந்து நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் மடியில் கிடந்த தங்கச்சி என் கை போகும் பக்கமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனாள். நான் மென்றால் அவளும் வெறும் வாயை மென்றாள். தணல் எடுக்கச் சிரட்டையோடு வந்த ராசாத்தி அக்கா இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்கக்கா, புள்ள வாயப் பாக்குது, நீங்க மாசத்தப் பாக்குறீங்களே" என்றார்.

"துடக்கு வீட்டில என்னெண்டு குடுக்கிறது, ராசாத்தி? மச்சாள் சொன்னது காதுக்குள்ளயே கிடக்கு."

"தொடக்கு ஒங்களுக்குத்தானே? எங்க வீட்டுல யாரும் சாகலயே. புள்ளய அங்கிட்டு அனுப்புங்க. எங்க பக்கம் மாசமெல்லாம் பாக்குறதில்ல. அடுத்தவங்க தட்டப் பாத்து வாயச் சப்புனா குடுத்துருவோம். எம் மூணும் அப்புடி வளந்ததுகதான், கல்லக் குடுத்தாலும் திங்குதுக."

அம்மா வாய்க்கால் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழும்பி, என்னைக் கை கழுவச் சொல்லி, தங்கச்சியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தார். "பொழுதுபட முன்னம் வந்திடு" என்று மட்டும் சொன்னார். போ என்று அவர் வாய் சொல்லவே இல்லை.

ராசாத்தி அக்கா அரிசியையும் பயறையும் ஒன்றாகப் போட்டுக் கஞ்சிப் பதத்துக்கு அவித்து, ஓர் உப்புக்கல்லைக் கரைத்து விட்டு, விரலால் ஒரு பருக்கையும் மிஞ்சாமல் மசித்தார். முதல் தடவை தங்கச்சி முகத்தைச் சுளித்து எல்லாவற்றையும் நாக்கால் வெளியே தள்ளினாள். இரண்டாவதும் அப்படியே. மாமியின் பிள்ளையை நினைத்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டேன். ராசாத்தி அக்கா அவசரப்படவில்லை. நாடியில் வழிந்ததை வழித்து மறுபடி வாய்க்குள் வைத்தார். இந்தமுறை தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. உடனே, அந்தக் குச்சிக் கைகள் இரண்டாலும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பல்லில்லாத முரசால் கடித்தாள்.

"அடியாத்தி! விடுடி கழுத, அது சோறு இல்ல, எம் வெரலு!" என்று அவர் கத்த, அவருடைய பிள்ளைகள் மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் திரும்பி வந்தபோது அம்மா வேலிப் பொட்டடியில் நின்றார்.

"திண்டவளோ?"

"ஓம்."

அம்மா தங்கச்சியை வாங்கி, அவள் வாயை மணந்து பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை; பிள்ளையின் வயிற்றில் கை வைத்தபடி இருந்தார். தங்கச்சியோ ஒருதரமும் எழும்பவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவளைக் கொண்டுபோனோம். சில நாள் பூசணிக்காய், சில நாள் வாழைப்பழம். ராசாத்தி அக்கா வயலில் நின்று நேரம் செல்ல வந்தாலும், காலைக் கழுவியதும் முதல் வேலை அதுதான். அடுத்தமுறை தராசில் போட்ட மருத்துவமாது, "இப்பதான் பிள்ளை பிள்ளைமாதிரி இருக்கு" என்றார்.

ஒன்பதாம் மாதம் கோயிலில் முறைப்படி சோறு தீத்தினார்கள். அப்பாவின் மடியில் இருந்த தங்கச்சி, புக்கை கிட்ட வருமுன்னரே வாயை ஆவென்று திறந்து, அதை விழுங்கிவிட்டு வாழையிலையோடு சேர்த்து இழுத்தாள்.

"இதென்னடி இது, முதல் சோறு தின்னுற வாய்மாதிரித் தெரியேல்லையே!" என்றார் மாமி.

"எங்கட பரம்பரைப் பசியக்கா" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ராசாத்தி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாமி அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தங்கச்சியின் கொழுத்த கன்னத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராசாத்தி, அங்கயேன் நிக்கிறாய்? நீயும் வந்து ஒரு வாய் தீத்தன்" என்றார்.

மாமிக்கு விஷயம் விளங்கிவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. இப்போது இருவரும் இல்லை.

சண்டையில் ஊரெல்லாம் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் ராசாத்தி அக்கா குடும்பமும் வேறு வேறு பாதையால் போனோம். பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இப்போது யாரும் ஒற்றை, இரட்டை பார்ப்பதில்லை. ஆறு மாதம் முடிந்ததும் கிளினிக்கில் சொன்னபடி கொடுக்கிறார்கள். அது நல்லது. ஒரு பெண்ணை அம்மா நின்ற இடத்தில் நிறுத்திய அந்தக் கணக்கு ஒழிந்ததில் எனக்குக் கவலை இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாயைப் பார்த்து, "புள்ளய அங்கிட்டு அனுப்புங்க" என்று கேட்கத் துணிந்த அந்தக் குரல்தான் இல்லை.

அன்று தங்கச்சி தன் மகளுக்கு நான் மசித்ததைக் கொடுத்து முடிந்ததும் இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். "இவ்வளவு காலமா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, அக்கா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் வாயைத் துடைத்தபடியே இருந்தாள்.

மறுநாள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, ராசாத்தி அக்காவைத் தேடி இருவரும் உருத்திரபுரத்துக்குப் போனோம். அவர் இருந்த வளவில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ராசாத்தி என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. கொஞ்சநேரம் ரோட்டில் நின்றுவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பினோம்.