கை வேர்த்தால் நான் திருடியா?

சில வருடங்களுக்கு முன்பு, வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. எனக்கு மட்டும் எப்படியோ ஜன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. கைக்குழந்தையோடு தடுமாறி நின்ற ஒரு பெண், "யக்கா, பிள்ளைய கொஞ்சம் வச்சுக்கிடுதீங்களா?" என்று கேட்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சமர்த்தாகத் தூங்கிவிட்டது.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் அவளுக்கு இடம் கிடைத்தது. பிள்ளையைத் திருப்பி வாங்கியவள் அலறினாள். அதன் கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் காணோம். சட்டென்று என் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்திலேயே உதறினாள்.

"கை ஐஸ் மாதிரி சில்லுன்னு வேர்த்துக் கெடக்கு! இவாதான் எடுத்திருக்கா!"

சிறுவயதிலிருந்தே என் உள்ளங்கை அப்படித்தான். நோயில்லை, உடம்புவாகு என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார். அதை எடுத்துச் சொன்னேன். காதில் வாங்க ஆளில்லை. பின்னிருக்கைப் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "எடுத்திருந்தா குடுத்துட்டு எறங்கிக்கோம்மா. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார். அவள் போட்ட பழியைவிட அந்தப் பரிவுதான் அதிகமாகச் சுட்டது.

எழுந்து நின்றேன். "நான் எறங்க மாட்டேன். கண்டக்டர் அண்ணாச்சி, வண்டிய ஓரங்கட்டுங்க. மொதல்ல பிள்ளை சட்டைய கழத்தி உதறச் சொல்லுங்க. அதுல இல்லன்னா நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க. நானே வாரேன்."

நடத்துநர் விசில் ஊதினார். சட்டையைக் கழற்றிப் பார்த்தால், கொக்கி விட்டுப்போன சங்கிலி உள்துணியில் சிக்கிக் கிடந்தது.

"உங்க கையத் தொட்டதும் திக்குன்னு ஆயிட்டுக்கா... அதான் அப்படித் தோணிட்டு" என்று அவள் அழுதாள்.

"அதான் கெடச்சிட்டுல்லா, விடும்மா" என்றார் அதே பெரியவர்.

நான் விடவில்லை. அவள் முன்னால் கையை நீட்டினேன். "இப்பப் பிடிச்சுப் பாரு. இப்பவும் வேர்க்கத்தான் செய்யுது. இப்ப நான் எதத் திருடியிருக்கேன்?"

அவள் தயங்கித் தயங்கிப் பிடித்தாள். இந்த முறை உதறவில்லை.

அதுவரை யாராவது கைகுலுக்க வந்தால் கும்பிடு போட்டு நழுவிவிடுவேன். இப்போது துடைக்காமலேயே நீட்டுகிறேன். தொட்டவர் உடம்பு கூசினால் கூசட்டும். அந்தக் கூச்சம் அவர்களுடையது, என் நேர்மையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.