ஆடியில் போட்ட வழக்கு

ரோஹிணி வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். கெடு தாண்டினால் சட்டம் கைவிட்டுவிடும் என்று எத்தனையோ மேலாளர்களை விரட்டியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தன் வீட்டு விஷயத்தில் கோட்டை விடப் பார்த்தாள்.

காளிகாட்டில் இரண்டாம் மாடியில் அவள் வீடு. குளியலறையைப் புதுப்பிக்க தபன் பாபு என்ற வங்காளிக் கான்ட்ராக்டரை வைத்தாள். ஆனியில் தொடங்கிய வேலை ஆடிக் கடைசியில் முடிந்தது. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போன சூட்டோடு கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தது. தரைக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வாட்டர்புரூஃபிங் செய்யவே இல்லை. கீழே தனியாக இருந்தவர் ஒரு வங்காளி அம்மாள். அவரை எல்லோரும் மாஷிமா, அதாவது பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தபன் பாபு சண்டைக்காரராக இருந்திருந்தால் ரோஹிணி அன்றே சமாளித்திருப்பாள். அவரோ தேனொழுகப் பேசுகிறவர். செய்ய மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆவணியில் வரச் சொன்னால், அது தங்களுக்குப் பாத்ர மாதம், எதையும் தொடங்கக்கூடாது என்றார். அப்புறம் துர்கா பூஜை, ஆள் கிடைக்காது. மார்கழியோ இருவருக்குமே ஆகாது. தை பிறந்ததும் கரியாஹாட்டில் ஏதோ கடை வேலை. இப்படியே ஓட்டி, அடுத்த ஆடி வந்ததும், உங்களுக்கு ஆகாத மாதமாயிற்றே என்று அவரே ஞாபகப்படுத்தினார். தன் வழக்கத்தை எவ்வளவு மதிக்கிறார் என்று ரோஹிணி நெகிழ்ந்தும் போனாள். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் இன்னொரு வருஷமும் கரைந்தது.

மறுபடி ஆடி பிறந்தபோது கூரைக் காரை பெயர்ந்து மாஷிமாவின் கட்டிலில் விழுந்தது. நல்லவேளையாக அவர் அடுப்படியில் இருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் கட்டிலை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டார். ரோஹிணிக்குப் படியில் அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

வங்கியில் அவளுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு வக்கீலாகிவிட்ட சேஷாத்ரியிடம் போனாள். தரையைத் தொடுவதற்கு முன் ஓர் இன்ஜினியரைக் கொண்டு பார்த்து எழுதி வாங்கச் சொன்னார். வேறு ஆளை வைத்துச் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது தபன் பாபுவையே செய்ய வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். எதுவானாலும் வழக்கு வேண்டும்.

“நுகர்வோர் கோர்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் கெடு, மேடம். அவர் நல்லபடியா பேசிண்டிருந்தார்னு கெடு நிக்காது. இந்த ஆடியோட முடியறது.”

“ஆவணி ஒண்ணாம் தேதி போட்டா ஆகாதா?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதை வேறு யாராவது கேட்டிருந்தால் அவளே எரிந்து விழுந்திருப்பாள். ஆனாலும் ஆடியில் தொடங்கியது விளங்காது என்ற பயம் பொய்யில்லை. வராந்தாவில் கிடக்கும் கட்டிலை நினைத்துக்கொண்டு புகார் மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

நோட்டீஸ் கிடைத்ததும் தபன் பாபு போன் செய்தார். குரலில் உண்மையான வருத்தம். வங்காள மொழியில், அக்கா முறை சொல்லிக் கேட்டார்: “ஆடியில நீங்க எதையும் தொடங்க மாட்டீங்களே, தீதி?”

அவளும் வங்காள மொழியிலேயே சொன்னாள்: “நான் எதையும் தொடங்கலை, தபன் பாபு. நீங்க தொடங்கினதை முடிச்சு வைக்கிறேன்.”

ஆவணியில், அதாவது அவருடைய பாத்ர மாதத்திலேயே, தரையை உடைக்கத் தபன் பாபுவின் ஆள் வந்தது. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லித் தூது விட்டார் தபன் பாபு. கீழே மாஷிமாவின் கட்டில் உள்ளே போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள் ரோஹிணி.