இரும்பு ஃபேனும் கரண்டு ஃபேனும்

எங்கள் வீட்டுக்கு அப்பா வருவதற்கு முன்னால் அவருடைய லாரியின் ஃபேன் சத்தம் வந்துவிடும். கீரமங்கலத்துக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது எங்கள் வீடு. தார்ச்சாலையை விட்டு லாரி எங்கள் மண்பாதைக்குத் திரும்பியதுமே, எஞ்சின் உறுமலுக்கும் மேலாக, ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் இரும்பு ஃபேனின் 'ஊ'வென்ற இரைச்சல் மட்டைகளுக்கிடையே புகுந்து அடுப்படி வரைக்கும் வரும். அதைக் கேட்டதும் அம்மா உலையில் அரிசியைப் போடுவாள், நான் குளியலுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பேன். லாரி வாசலில் வந்து நிற்கும்போது சுட்ட டீசல் வாடையும் துருப்பிடித்த வெந்நீர் வாடையும் கலந்து ஒரு நெடி அடிக்கும். இன்றைக்கும் ஏதாவது பழைய வண்டி சாலையோரம் ஆவி விட்டுக்கொண்டு நின்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பா இல்லை, அம்மாவின் வலது கைதான்.

அது மூக்கு நீண்ட பழைய லாரி. அப்பா வாங்கும்போதே பலர் கை மாறி வந்திருந்தது. தோப்புகளில் தேங்காய் ஏற்றி வெளியூர் மண்டிகளுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. தார்ச்சாலையில் அது ஒழுங்காகத்தான் ஓடும். தோப்புக்குள் பாரத்தோடு மணலில் ஊர்ந்து வரும்போதுதான் வம்பு. அந்த ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டால் பிணைந்தது, எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகத் தரும். உடனே ரேடியேட்டர் கொதிக்கும், அப்பா இறங்கி பானெட்டைத் தூக்குவார், உள்ளே கையை விடுவார்.

அந்தக் கையில் ஆட்காட்டி விரலின் நுனி கிடையாது. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே, எஞ்சினை ஓடவிட்டபடியே பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப்போய், ஃபேனின் இறக்கை அதைக் கொண்டுபோய்விட்டது. பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "ஒரு நகம் வெட்டுற வேல மிச்சம்" என்று சிரித்தாராம். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஃபேனுக்கு 'வெரலுமுழுங்கி' என்று பெயர். ஊரெல்லாம் ஆயுத பூஜைக்கு லாரியின் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் முதல் பொட்டு வெரலுமுழுங்கிக்குத்தான். அம்மா முக்காலி போட்டு ஏறி, பானெட்டின் பக்கவாட்டில் கையை நீட்டி, ஒவ்வொரு இறக்கையிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பாள். வைக்கும்போது உதடு அசையும். ஒருமுறை தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றபோது காதில் விழுந்தது: "எடுத்தது போதும். இனிமே அவுக கையத் தொடாத."

நான் ஆறாவது படித்த வருடம் கோடை கடுமையாக இருந்தது, லாரி கொதிக்காத நாள் இல்லை. அப்பா வரும் சத்தம் கேட்டால் அம்மா அரிசியைப் போட்டுவிட்டு முதலில் வாசலுக்கு ஓடிவந்து அவருடைய கையைப் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அவளுக்கு லாரி கொதிப்பதைப் பற்றியோ டீசல் செலவைப் பற்றியோ கவலை இல்லை. அந்த இறக்கைகளுக்கு நடுவே அப்பா இனிமேல் கை விடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது.

அம்மாவின் தம்பி சேகர் மாமா, புதுக்கோட்டையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். கறிச்சோறு சாப்பிட வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்தான் பேச்சை எடுத்தார். இரும்பு ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய கார்களில் வரும் கரண்டு ஃபேன் இரண்டைச் சேர்த்துப் பூட்டிவிடலாம், அது பேட்டரியில் ஓடும், எஞ்சின் ஊர்ந்தாலும் முழுவேகத்தில் சுற்றும், இறக்கையும் பிளாஸ்டிக்தான். "சூடு ஏறுனா அதுவா ஓடும் மச்சான், சூடு எறங்குனா அதுவா நிக்கும். வண்டிய ஆஃப் பண்ணதுக்கப்புறமும் சூடு இருந்துச்சுன்னா ஓடி ஆத்திவிட்டுத்தான் நிக்கும். நீங்க பானெட்டத் தொறக்கவே வேணாம்." கடைசி வாக்கியம் மட்டும்தான் அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாக்கியத்தை நாங்கள் எல்லோருமே கேட்டோம், தலையும் ஆட்டினோம்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய பதில் அந்தக் கோடை முழுக்க ஒன்றுதான்: "எஞ்சின் ஓடுனா அது ஓடும், எஞ்சின் நின்னா அது நிக்கும். அதுக்கு மேல அதுகிட்ட என்ன வேணும் மாப்ள?" இரும்பு ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்பது காதுக்குத் தெரியும், கரண்டு ஃபேன் வழியில் நின்றுபோனால் வண்டி வெந்த பிறகுதான் தெரியும் என்பார். ஆலங்குடியில் லாரிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்கும் அவர் பக்கம்தான்: "வண்டிக்கும் வயசாச்சு, பேட்டரிக்கும் வயசாச்சு. புதுசா ஒரு சுமைய ஏன் அது தலையில ஏத்துறீங்க?" ஆனால் மெக்கானிக்கோடு குடும்பம் நடத்த வேண்டியதில்லையே. அம்மா சண்டை போட்டாள், சண்டை போடாமல் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள், சோற்றைத் தட்டில் வைக்கிற சத்தத்திலேயே தன் கட்சியைப் பேசினாள். கடைசியில் ஒருநாள், லாரி கொதித்து அப்பா முழங்கையில் வெந்நீர் தெறித்து வந்து நின்றபோது, மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டே அழுதாள். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒங்க வண்டி விசயத்துல வாயத் தொறந்திருக்கேனா? ஒரு தடவ எம்பேச்சக் கேளுங்களேன்." அப்பா கொஞ்ச நேரம் தன் குட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வரச் சொல்லு ஒந்தம்பிய" என்றார்.

மாமா வந்து பூட்டினார். வெரலுமுழுங்கி கழற்றப்பட்டு மாட்டுக் கொட்டகையின் மூலைக்குப் போனது. கரண்டு ஃபேன் உண்மையிலேயே நன்றாகத்தான் வேலை செய்தது, அதை மறைக்கக் கூடாது. தோப்புக்குள் எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் போகவில்லை. எனக்குத்தான் ஒரு குறை. அப்பா வருகிற சத்தம் இப்போது பாதியாகிவிட்டதால், திடீரென்று வாசலில் வந்து நிற்பார், உலை கொதித்திருக்காது.

ஆனால் அந்த மாதங்களில் அம்மா வேறு ஆளாக இருந்தாள். "நாஞ் சொன்னேன்ல?" என்பது அவள் வாயில் புதிதாக முளைத்த சொல். குழாயடியில் சொன்னாள், உறவுக்காரர்களிடம் சொன்னாள், எனக்குச் சடை பின்னும்போதும் சொன்னாள். அப்பாவும் எந்த மண்டிக்கு லோடு எடுக்கலாம், டயரை இப்போது மாற்றலாமா என்றெல்லாம் அவளிடம் கேட்கத் தொடங்கினார். அவள் இடுப்பில் கைவைத்து யோசித்துப் பதில் சொல்வாள். அவள் சொன்னபடி நடந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்கும் என்று அப்பா கேலி செய்வார். அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்துப் பேசியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு லாரி முந்தின நாளே வந்து, கழுவி, குளிர்ந்து நிற்க வேண்டியது. மண்டியில் தாமதமாகி, பூஜை அன்றைக்கே வந்து சேர்ந்தது. ராகுகாலம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "நல்ல நேரம் போயிரும், மொதப் பொட்ட வச்சிருவோம், மிச்சத்தப் பெறகு பாக்கலாம்" என்று அம்மா அவசரப்பட்டாள். அப்பா எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு கைகால் கழுவப் போனார். லாரி அமைதியாக நின்றது. ஃபேனும் நின்றுதான் இருந்தது, நானே பார்த்தேன். நிறுத்தின எஞ்சினுக்குள் தண்ணீர் ஓட்டமும் நின்றுபோய்ச் சூடு மேலும் ஏறும் என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அம்மா முக்காலியில் ஏறினாள். இத்தனை வருடம் இரும்புக்குச் செய்த மரியாதையைப் பிளாஸ்டிக்குக்கும் செய்ய வேண்டும் என்று, முதல் இறக்கையில் சந்தனம் தடவினாள், குங்குமத்துக்காக என் பக்கம் கையை நீட்டினாள், மறுபடி உள்ளே விட்டாள். உதடு அசைந்தது. அப்போது 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

மேலே விவரிக்க எனக்கு மனமில்லை. குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியாமல் நான் கத்தினேன். அப்பா ஈரக்காலோடு ஓடிவந்து அம்மாவைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு போகும்போதும், ஓட்டுவதற்கு ஆளே இல்லாத அந்த லாரியின் ஃபேன் பின்னால் சுற்றிக்கொண்டே இருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் உள்ளே நரம்பு அறுந்துவிட்டதால், மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கை பார்க்க வந்த மாமா வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. "நாந்தான் சொன்னேனே மச்சான், ஆஃப் பண்ணாலும் ஓடும்னு சொன்னேனே" என்று சுவரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அவரைத் திட்டவில்லை. அம்மாவையும் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது, அவளுக்கும் எதிர்த்துப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

அப்பா கொட்டகையிலிருந்து வெரலுமுழுங்கியை எடுத்துத் தேய்த்து மறுபடி பூட்டச் செய்தார். பழைய 'ஊ' சத்தம் திரும்பி வந்தது, அம்மாவும் அரிசியைப் போட்டாள், இடது கையால். ஆனால் அவளுடைய பேச்சு திரும்பி வரவில்லை. டயரைப் பற்றி அப்பா கேட்டால், "எனக்கென்னங்க தெரியும், நீங்களே பாருங்க." என் மேல்படிப்பைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்." என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன கடையில், எந்த நிறம் என்று கேட்டபோதும் அதேதான். ஒரே ஒரு முறை தன் சொல்லை வீட்டில் ஜெயிக்கவைத்தாள், அது அவள் கையையே திரும்பி வெட்டியது. பிறகு எப்படிச் சொல்வாள்? அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அவள் லாரி பக்கமே வரவில்லை. அப்பாதான் முக்காலியில் ஏறி, அந்தக் குட்டை விரலால் ஒவ்வொரு இறக்கைக்கும் பொட்டு வைத்தார். அவர் உதடும் அசைந்தது. என்ன சொன்னாரோ, தெரியாது.

இன்று அப்பா இல்லை. லாரியை இரும்புக்குப் போட்டாயிற்று, வெரலுமுழுங்கியும் அதோடு போய்விட்டது. எங்கள் வீட்டுத் தோப்பையும் புயல் சாய்த்துவிட்டது, சத்தம் வந்தாலும் புகுந்து வர மட்டைகள் இல்லை. அம்மா என்னோடு புதுக்கோட்டையில் இருக்கிறாள். சென்ற மாதம் என் கணவர் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் பேட்டரியில் ஓடும் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று கிளம்பினார். எனக்குப் பெட்ரோல் வண்டியே போதும் என்று இருந்தது. வீட்டில் இரண்டு கட்சி. யார் சொல்வது சரி என்று வேடிக்கையாக அம்மாவிடம் கேட்டோம். வழக்கமான பதிலைத்தான் எதிர்பார்த்தேன், அதைத்தான் சொன்னாள்.

ஆனாலும் கடைக்கு எங்களோடு வந்தாள். விற்பனைப் பையன் காரின் முன்மூடியைத் தூக்கிக் காட்டி, "சத்தமே வராதுங்க பாட்டி, ஓடுதா நிக்குதான்னே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னான். அம்மா வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு வண்டியைப் பற்றி அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள்:

"தம்பி, இது நிப்பாட்டுனா நிக்குமா?"

பையன் சிரித்தான். நானும் என் கணவரும் சிரிக்கவில்லை. "நல்லா நிக்கும் பாட்டி" என்று அவன் சொல்லி முடித்த பிறகும், அம்மா அந்த இடத்தை விட்டு நகராமல், திறந்திருந்த மூடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.