மூளைக்கு ரத்தம் அதிகம்

கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு திமிர் வந்துவிடும். முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே உயிர் இருக்கிறதா என்று சொல்லிச் சொல்லியே, கருவைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொள்வான். பல்லடத்தில் அப்படி நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்தான்.

மனைவிக்கு எட்டாம் மாதம். வயிறு மாதத்துக்குத் தகுந்தபடி இல்லை என்று ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் எடுத்தோம். ரிப்போர்ட்டிலிருந்த வார்த்தைகளையெல்லாம் போனில் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி விளங்கவில்லை. ஒரு வரி மட்டும் பளிச்சென்று விளங்கியது. குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாம்.

அட, இதைவிட என்ன வேண்டும்? எங்கள் வம்சத்தில் மூளைக்கு ரத்தம் அதிகமாகப் போகிறது என்று இதுவரை எவரும் புகார் சொன்னதில்லை.

"இன்னைக்கே டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க," என்றாள் மனைவி. "நேத்திருந்து அசைவும் கம்மியா இருக்குதுங்க."

"படிக்கிற புள்ள ஆட்டம் போடுமா அம்மணி? யோசிச்சுட்டு இருக்கும், உடு."

அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நேரே இனிப்புக் கடைக்குப் போனேன். குஞ்சு பொரிக்கும் எங்கள் ஹேச்சரியில் அத்தனை பேருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். மச்சானுக்குப் போன் போட்டு, கலெக்டர் வந்துகொண்டிருப்பதாக அறிவித்தேன். அவள் காரிலேயே உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆர்.எஸ்.புரம் கிளினிக்குக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. மிச்சமிருந்த ஒரு டப்பாவை டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தேன்.

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"ஸ்வீட் எதுக்குங்க?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அது நல்ல சேதி இல்லீங்க. நஞ்சுக்கொடி வழியா வர்ற ரத்தம் கொறைஞ்சுபோச்சு. அதனால பாப்பா கை காலுக்கும் வயித்துக்கும் போறதைக் கொறைச்சுப்போட்டு, இருக்கறதை மூளைக்குத் திருப்பி உட்டிருக்குது. அசைவைக் கொறைச்சதும் சக்தியை மிச்சம் பண்ணத்தானுங்க."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். முட்டைக்குள் குஞ்சு இருபத்தொரு நாள் தாங்குகிறதே என்று இழுத்தேன்.

"முட்டைக்குள்ள தீனி மொத்தமா இருக்குது. இங்க நிமிஷத்துக்கு நிமிஷம் வந்தாகோணும். மூளை பெருசா எதையும் சேத்து வெக்காதுங்க. ஆக்சிஜன் பத்தலைன்னா சர்க்கரை அரைகுறையாத்தான் எரியும். கொஞ்சூண்டு சக்திதான் கெடைக்கும், அமிலம் தேங்கிப்போகும். எத்தனை நேரம் சமாளிக்கும்னு சொல்ல முடியாது." சொல்லிக்கொண்டே ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டார்.

மனைவி என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

அன்றே பெண் பிறந்தாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. குச்சிக் கை, குச்சிக் கால், தலை மட்டும் பெரிது. உடம்பையெல்லாம் பட்டினி போட்டு அவள் காப்பாற்றிய தலை. நான் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறாள்.

மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். "வளர வளரத்தானுங்க தெரியும்," என்றார் டாக்டரம்மா. நான் தாமதமாகக் கூட்டி வந்ததால்தானா என்று கேட்டதற்கு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அது போதவில்லை.

உட்காரத் தாமதம், நடக்கத் தாமதம். இரண்டரை வயதிலும் ஒற்றை ஒற்றை வார்த்தைதான். பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தேடுகிறாளா என்று பார்ப்பேன். தேடாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. விளக்கில் பிடித்துப் பார்க்க முடிகிற சமாச்சாரமா இது?

மூன்று வயது முடிந்திருந்தது. ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றேன். அவள் என் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கப்பா, அம்மா செருப்பைப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என்னுடையது, இன்னொன்றில் மனைவியுடையது. உள்ளேயிருந்த மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன். அடுப்பை அணைக்காமலே ஓடி வந்தாள்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு," என்றேன்.

"ஒரு கால்ல மட்டும்," என்று திருத்திச் சொன்னாள் மகள்.

அன்று சாயங்காலம் வரை அந்தச் செருப்புகளோடுதான் ஹேச்சரியில் நடந்தேன்.