இசக்கிச்செல்வி எழுதிய சுவாமி

வேகமாக எழுதுவதில் இசக்கிச்செல்வியை மிஞ்சத் தென்காசி மாவட்டத்தில் ஆள் கிடையாது. ஆவுடையப்ப சுவாமி வாயைத் திறக்கும் முன்பே அவள் பேனா வாக்கியத்தை முடித்துப் புள்ளியும் வைத்துவிடும். சரி, கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது. அவர் பேசிவிட்டுச் செருமுவதற்குள் முடித்துவிடுவாள், அவ்வளவுதான்.

சுவாமி ஒன்றும் பிறவிச் சாமியார் இல்லை. அரசாங்க சர்வேயராக முப்பது வருஷம் எல்லைக்கல் நட்டவர். அச்சன்புதூரில் அவர் நட்ட கல்லையே பிடுங்கி அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்ட அன்று அவருக்குள் என்னமோ ஆனது. ஓய்வு பெற்றதும் குற்றாலத்தில் ஓர் ஓட்டு வீட்டில் உட்கார்ந்து, எல்லை என்பதே கிடையாது என்று பேச ஆரம்பித்தார். "கல்ல நட்டது நாந்தான். மண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நீ, நான், சிவன்னு நாம நடுததும் அதே கல்லுதான்" என்பார்.

தென்காசி ரத வீதியில் ஜாக்கெட் தைக்கிறவள் இசக்கிச்செல்வி. புருஷனைப் பறிகொடுத்த புதிதில் இந்தப் பேச்சைக் கேட்டாள். அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு உள்ளே இறங்கியது. அப்புறம் பதினோரு வருஷம், ஞாயிறுதோறும் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். நாற்பத்தோரு நோட்டு நிறைந்தது. சுவாமிக்குப் பேச்சு பாதியில் அறுந்துபோகும்; விட்ட இடத்தை அவளே நிரப்புவாள். 'ஐந்தருவியில் விழுவது ஒரே தண்ணீர்தான். ஐந்தாகப் பிரிப்பது பாறை' என்பது அப்படி அவள் எழுதியதுதான். படித்துப் பார்த்தவர், "நான் சொல்ல நெனச்சது இதான்" என்றார். மறு வாரமே தன் வாயால் சொன்னார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நோட்டெல்லாம் புத்தகமாகப் போகிறது என்றதும், "மொதப் பக்கத்துல 'எழுதியவர் இசக்கிச்செல்வி'ன்னு ஒரு வரி போடச் சொல்லுதேன்" என்று சுவாமியே வாக்குக் கொடுத்தார். அவளாகக் கேட்கவில்லை. காதில் விழுந்த பிறகு ஆசை வந்துவிட்டது. ரத வீதிக் கடையெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

வெளியீட்டன்று நல்ல சாரல். அச்சகத்துப் பெண் ஷெர்லின் ஆட்டோவில் புத்தகக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். இசக்கிச்செல்வி ஒன்றை உருவிப் பிரித்தாள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், அட்டையின் உள்பக்கம். பெயர் இல்லை. பின்னட்டையில் ஐந்தருவி வாக்கியம். கீழே சுவாமியின் படம்.

அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள். "சாமி, எம் பேரு எங்க?"

"எழுதினது யாரு? அந்த 'நான்' எங்கன இருக்குன்னு பாரு, தாயி."

"பாத்துட்டேன் சாமி. எனக்கு 'நான்' இல்ல. உங்களுக்கு மட்டும் போட்டோவே இருக்கே."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரஸ்காரங்க விட்டுட்டாங்கம்மா. நான் கவனிக்கல."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இந்த மனுஷரையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, நனைந்த கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த ஷெர்லினிடம் போனாள்.

"ஏட்டி, ஒத்த வரி. அதப் போயி விட்டுட்டியே. சாமி எவ்வளவு சங்கடப்படுதாங்க, பாரு."

ஷெர்லின் கயிற்றை விட்டு நிமிர்ந்தாள்.

"நான் விடலக்கா. ப்ரூஃப்ல உங்க பேரு இருந்துச்சு. சாமிதான் செவப்பு மையில அடிச்சு, ஓரத்துல கையெழுத்தும் போட்டு அனுப்புனாங்க."